கேட் தாண்டும் வரை

எனக்குப் பெல்ட்டக்கா என்று பெயர் வைத்தது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர்கள். அவர்களிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், டாக்டர்களே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் வேலை அப்படி. இங்கே பிறந்த குழந்தையோ, வார்டில் படுத்து எழுந்த சின்னக் குழந்தையோ காரில் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், காருக்குள் குழந்தை சீட் கட்டியிருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டு கேட் பாஸ் கொடுக்க வேண்டும். பாஸ் இல்லாமல் காவலாளி கேட்டைத் திறக்கமாட்டார். ஒன்பது வருடமாகக் குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

பார்ப்பதற்கு நிறைய இல்லை. பிறந்த குழந்தை என்றால் சீட் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சீட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்து உலுக்கினால் ஒரு விரல்கடைக்கு மேல் ஆடக் கூடாது. தோள்பட்டைக்கும் வாருக்கும் நடுவில் என் ஒரு விரல் மட்டும் போக வேண்டும், இரண்டு விரல் போனால் தளர்வு. போர்வையை வாருக்கு உள்ளே சுற்றக் கூடாது, மேலேதான் போர்த்த வேண்டும். பக்கிளுக்குள் பிஸ்கட் தூள் இருந்தால் பூட்டு சரியாக விழாது, அதனால் பக்கிளை ஊதிப் பார்ப்பேன். தூள் இருந்தால் சுத்தம் பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

இதற்கு ஒவ்வொருவரும் சொல்லும் பதில் இருக்கிறதே, கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

"பக்கத்துலதாங்க வீடு."

"புள்ள அழுதுங்க, கொஞ்சம் லூசா விடுங்களேன்."

"நாங்கல்லாம் சீட்டுலயா வளந்தோம்?"

"பெத்தவ கையை விடவா இந்த பெல்ட்டு பெருசு?"

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. "ஆமா, பெருசுதான். வண்டி நாப்பதுல போயி டக்குனு நின்னா மூணு கிலோ பிள்ளை உன் கையில மூட்டை கனம் கனக்கும். மூட்டையை ஒரு நொடி பிடிச்சுக் காட்டு, பாஸ் தர்றேன்" என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பெல்ட்டைப் போடுவார்கள். திட்டட்டும். குழந்தை பத்திரமாக வீடு போய்ச் சேருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி டாக்ஸி ஓட்டுகிறான். கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். அவனுக்கு மகள் பிறந்த மறுநாளே நான் கடைக்கு ஓடிப்போய் ஒரு சீட் வாங்கினேன். பிறந்ததிலிருந்து நாலு வயது வரைக்கும் ஆகிற சீட், சிவப்புத் துணி. வாங்கிய தேதியை அதன் அடியில் மார்க்கரால் எழுதினேன். இந்தச் சீட்டுகளுக்கு ஆயுசு உண்டு, அதனால் எந்தச் சீட் என் கைக்கு வந்தாலும் அடியில் தேதி எழுதுவது என் பழக்கம்.

மருமகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. எட்டு மாதத்தில் தவழும்போதே அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டவள், வேறு என்ன பெயர் வைப்பது? அந்தச் சமயத்தில்தான் நான் நாலு பேரிடம் சொல்லித் தம்பிக்கு ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் இடம் வாங்கிக் கொடுத்தேன். வந்த முதல் வாரமே அவன் வண்டியில் குழந்தை சீட் இருந்தது, கறுப்பு உறை போட்டது.

"இது எதுடா?"

"சவாரிக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிட்டேன்க்கா. நீ வாங்குனியே, அதே மாடல்தான். நீ நல்லதுன்னு சொன்னா நல்லதாத்தான் இருக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற டாக்ஸிக்காரர்களைப் பார்த்து, "என் தம்பியைப் பாத்துக் கத்துக்கங்கடா" என்றேன். மாதக் கூட்டத்தில் சூப்பிரண்டு முன்னால் எழுந்து நின்று அவனைப் பற்றிப் பேசினேன். வார்டில் யாராவது சீட் இல்லை என்று கையைப் பிசைந்தால் நானே அவன் வண்டியைக் காட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து பிள்ளைகள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து கேட்டைத் தாண்டின. கட்டுவதில் அவனைக் குறை சொல்லவே முடியாது. ஒரு விரல் என்றால் ஒரு விரல்தான்.

"வாலுவையும் சீட்லதான கூட்டிட்டுப் போற?" என்று அவ்வப்போது கேட்பேன். "பின்ன? பெல்ட்டக்கா மருமகளாச்சே" என்பான். என் வீடு நாலாவது மாடி. அவர்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏறி வருவார்கள். ஊரார் வண்டிக்குள்ளெல்லாம் தலையை விட்டுப் பார்க்கிறவள், கூடப் பிறந்தவன் வண்டியை ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்தேனா? இல்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. வாலுவுக்கு நாலு வயதாக இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் தம்பி வண்டியில் கட்டி வைத்த குழந்தை பால் கக்கிவிட்டது. உறையெல்லாம் ஈரம். நான் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உறையில் கை வைத்ததும், "அதை விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று தம்பி பாய்ந்து வந்தான். அவன் பாய்ந்த வேகத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நான் உறையைக் கழற்றினேன். அடியில் சிவப்புத் துணி. சீட்டைக் கவிழ்த்தேன். என் கையெழுத்து, வாலு பிறந்த மறுநாள் தேதி.

பின்னால் மூன்று வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. துடைத்து, மறுபடி கட்டி, விரல் விட்டுப் பார்த்து, பாஸில் கையெழுத்துப் போட்டேன். வண்டி கேட்டைத் தாண்டியதும் செருப்பு தேயப் பின்னாலேயே நடந்தேன். மதில் முடிகிற இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அதற்கு முன்னால் வண்டி நின்றிருந்தது. தம்பி சீட்டைத் தூக்கி டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தான். தாய் முன் சீட்டில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பின்னால் சொந்தக்காரர்கள் நாலு பேர் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள்.

"என்னடா பண்ற?"

அவன் திடுக்கிட்டதுகூட ஒரு நொடிதான். "கேட் தாண்டியாச்சேக்கா" என்றான்.

சிரித்துக்கொண்டு சொன்னான். கேட்டுக்கு அந்தப் பக்கம் வேறு ரோடு, வேறு லாரிகள், வேறு தலையெழுத்து என்பது மாதிரி. அந்தத் தாயிடம், "ஏம்மா, உள்ள அவ்வளவு சொன்னேனே" என்றேன். "நீங்கதான் செக் பண்ணிட்டீங்களேக்கா" என்றாள் அவள். பாஸ் வாங்கிவிட்டாளாம், அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம்! என்னத்தைச் சொல்ல? மூன்று வருடமாக நான் கையெழுத்துப் போட்டது குழந்தைகளுக்கு இல்லை, ஜெராக்ஸ் கடை வரைக்கும் நூறடி ரோட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. டிக்கி திறந்திருந்தது. தம்பி மனைவி சீட்டின் உறையைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாலு டிக்கியின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"என்னடி பாக்குற?"

"தொடலை அத்தை. சும்மா பாக்குறேன். தொட்டா அழுக்காயிடும்."

"யாரு சொன்னா?"

"அம்மா. அது பாப்பாங்க சீட்டு. அப்பா வேலைக்கு."

நான் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைவிடச் சூடாக இருந்தாள். "நான் என்ன பண்றது அண்ணி? இவ பிஸ்கட்டு கையோட ஏறி உக்காந்தா பக்கிள் பூராத் தூளு. நீங்கதான கேட்டுல ஊதிப் பாத்துத் திருப்பி அனுப்புறீங்க? ஒரு சவாரி போனா அன்னிக்குப் பொழப்பு போச்சுன்னு உங்க தம்பி வந்து என்கிட்ட எரிஞ்சு விழறாரு."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஊதிப் பார்த்த பக்கிள்தான் என் மருமகளை அந்தச் சீட்டிலிருந்து இறக்கி விட்டிருக்கிறது. ஆனாலும் குரலை விட்டுக்கொடுக்கவில்லை, வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும்.

"அவ வண்டில எங்க உக்காருவா?"

"என் மடியிலதான். முன்னாடி. கெட்டியாப் பிடிச்சுக்குவேன் அண்ணி."

உள்ளேயிருந்து தம்பி வந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "அது தொழில் சாமான் ஆயிடுச்சுக்கா" என்றான். "ஸ்டாண்டுல எனக்கு சவாரி வர்றதே அதை வச்சுத்தான். இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா சொல்லு. என் பொண்ணை வச்சுக்கிட்டு நான் வேகமாப் போவனா?"

"நீ போகமாட்டடா. எதுர வர்றவன் உன்கிட்ட கேட்டுட்டா வருவான்?"

"சரி, இப்ப என்ன, சூப்பிரண்டுகிட்ட சொல்லப் போறியா? சொல்லு. ஸ்டாண்டை விட்டு என்னைத் தூக்கிடுவாங்க. பாஸ்ல இருக்கிறதெல்லாம் உன் கையெழுத்து, அதையும் சேத்துச் சொல்லு."

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஸ்டாண்ட் போயிருக்கும், எனக்கு வேலையே போயிருக்கும், வாலுவுக்கு ஒன்றும் போயிருக்காது. நான் பேரம் பேசினேன். சீட் இனி வாலுவுக்கு மட்டும், சவாரிக்கு வேறு வாங்கும் வரைக்கும் பிரசவ சவாரியே எடுக்கக் கூடாது. அவன் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அப்போதே சீட்டை முன்பக்கம் பார்த்துப் பின் சீட்டில் கட்டினேன். வாலுவைத் தூக்கி உட்கார வைத்தேன். தோள் வார் வரும் துளைகளில் மேல் துளைக்குச் சரியாக அவள் தோள் இருந்தது, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் ஆகும். பூட்டினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கைகளை எங்கேயும் வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள், துணியில் பட்டுவிடக் கூடாதென்று.

"கையை வைடி, ஒண்ணும் ஆகாது."

"வேணாம் அத்தை" என்றாள்.

இரண்டு வாரம் தம்பி பிரசவ சவாரி எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, போர்ட்டிகோவில் அவன் வண்டி வந்து நின்றது. உள்ளே கறுப்பு உறை. என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்குப் பார்த்து சூப்பிரண்டு வெளியிலிருந்து வந்த ஆறேழு பேருக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்கதான் எங்க பெல்ட்டக்கா. இவங்க கையெழுத்து இல்லாம ஒரு குழந்தை வெளிய போகாது. இதோ, இவங்க தம்பி டாக்ஸிலயே சீட் வச்சிருக்காரு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார். நான் பல்லைக் காட்டினேன். குனிந்தேன், விரல் விட்டேன், உலுக்கினேன், கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் மூன்று பேரும் வாலுவுக்குச் செருப்பு வாங்கக் கிளம்பினார்கள். பக்கத்துத் தெருக் கடைதான். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. தம்பி வேகமாகப் போகவில்லை, அதைப் போலீஸே சொன்னார்கள். வண்டியின் முன்பக்கம் லாரிக்குள் கொஞ்சம்தான் போயிருந்தது. தம்பி மனைவிக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. தம்பிக்கு ஒன்றுமே இல்லை. அவள் மகளைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள். பிடித்த பிடியோடு இரண்டு பேரும் முன்னால் போய், தாயின் மொத்தக் கனத்துக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் வாலுவின் தலை மாட்டிக்கொண்டது.

டிக்கியில் இருந்த சீட்டில் ஒரு கீறல் இல்லை.

வாலு பதினோரு நாள் கண்ணைத் திறக்கவில்லை. ஏழு வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நாலாவது வயது வார்டிலேயே பிறந்தது. பிழைத்துவிட்டாள், அதற்கே எல்லோரும் கடவுளைக் கும்பிடச் சொன்னார்கள். இடது கையும் இடது காலும் பேச்சைக் கேட்கவில்லை. வார்த்தைகள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றாக, ரொம்ப தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்தன. அலமாரிக்குள் ஏறியவள் ஒரு ஸ்பூனை எடுக்க முழு நிமிடம் எடுத்துக்கொண்டாள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தம்பி எதிரில் இருப்பான். அவனைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை போர்ட்டிகோ ஞாபகம் வந்து வாய் அடைத்துவிடும்.

சூப்பிரண்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று வருடத்துக் கையெழுத்தையும். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இப்ப போய் இதையெல்லாம் ஏம்மா கிளறிக்கிட்டு? நம்ம பொறுப்பு கேட் வரைக்கும்தானே?" என்றார். ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன், அதையும் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் காலையில் என்னை மறுபடி போர்ட்டிகோவுக்கு அனுப்பினார்கள். குனிந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

வாலு வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. தம்பி ஒரு நண்பனுடைய காரைக் கொண்டுவந்திருந்தான். தம்பி மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாலு சக்கர நாற்காலியில். காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், "பாஸ் வேணும்க்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். சட்டம்தானே. நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன்.

அந்தச் சீட் இருந்தது. கறுப்பு உறையைக் கழற்றிவிட்டிருந்தான். சிவப்புத் துணியைத் துவைத்து, பக்கிளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுசு மாதிரி பண்ணியிருந்தான். என் விரல் போவதற்கு இடம் விட்டு, அழகாகக் கட்டியிருந்தான்.

"இனிமே இதுலதான்க்கா கூட்டிட்டுப் போவேன்" என்றான். "எங்க போனாலும் இதுலதான்."

"இது ஆகாதுடா."

"ஏன்?"

"அடிபட்ட வண்டில இருந்த சீட்டு. வெளிய தெரியாது, உள்ள விரிசல் விட்டிருக்கலாம். இனிமே யாரும் இதுல உக்காரக் கூடாது." பிறகு அதையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "விரிசல் இல்லன்னாலும் ஆகாது. அவளுக்கு இப்ப இது சின்னது. படுக்கையிலயே வளந்துட்டா. தோள் மேல் துளையைத் தாண்டிடுச்சு. வார்டுலயே அளந்துட்டேன்."

தம்பி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஸ்டாண்டில் நின்ற டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் டிக்கியில் இப்போது ஒரு சீட் இருக்கிறது. என் தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

நான் அவளுக்காக வாங்கி வைத்திருந்த பெரிய சீட்டைக் கொண்டுவந்து கட்டினேன். வாலுவைத் தூக்கி உட்கார வைத்தேன். இடது கையை நானே எடுத்து வாருக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. பூட்டினேன். விரல் விட்டுப் பார்த்தேன். பாஸில் கையெழுத்துப் போட்டேன்.

பழைய சீட் தரையில் கிடந்தது. ஆகாத சீட்டை முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து உபயோகித்துவிடுவார்கள் என்று வாரை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். கோட்டுப் பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன். திறந்த கார்க் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முதல் வாரை வெட்டினேன். தடித்த வார், லேசில் அறுபடவில்லை. இரண்டாவதை வெட்டும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"அத்தை."

நிமிர்ந்தேன். வாலு வெட்டுப்பட்ட வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தைகளைத் தேடி எடுத்துக்கொண்டு வர அவளுக்கு நேரம் ஆனது. வலது கையை மட்டும் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை எனக்குக் காட்டினாள். இடது கை மடியிலேயே கிடந்தது.

"நான்... அழுக்காக்கலையே" என்றாள்.